பின்பாரம் ஏறினா பிளேனும் மூக்கைத் தூக்கும்!

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போனவங்க, மலையையும் கொப்பரையையும் பார்த்த கையோட மாட்டுச் சந்தையையும் ஒரு எட்டு பார்த்திருப்பீங்க. தீபத் திருவிழாவை ஒட்டி நடக்கிற பழைய சந்தை. அங்கே வர்ற பெரியவங்க யாராவது ஒருத்தர்கிட்ட, 'ஐயா, வண்டியில மூட்டையை எப்படி அடுக்கணும்?'னு கேட்டுப் பாருங்க. அவர் ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவார். முன்பாரம், பின்பாரம்.

ரெட்டை மாட்டு வண்டிக்கு ரெண்டே சக்கரம். மூட்டையை எல்லாம் முன்னாடி தள்ளி அடுக்கினா மொத்த பாரமும் மாட்டோட கழுத்துல உட்காரும். அது முன்பாரம். பின்னாடி தள்ளிட்டா நுகத்தடி மேல எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். விவரமான வண்டிக்காரர் லோடு ஏத்தி முடிச்சதும் நுகத்தடியைக் கையால தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை அரை அடி முன்னாடி இழுத்துப் போட்டு, அதுக்கப்புறம்தான் மாட்டைப் பூட்டுவார். நாம பிளஸ் டூ பிசிக்ஸ்ல 'திருப்புத்திறன்'னு மனப்பாடம் பண்ணி மறுநாளே மறந்தோமே, அதே சமாச்சாரம்தான்.

'என்ன பாஸ், இந்த வாரம் மாட்டு வண்டியா?'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. மேட்டர் பிளேனைப் பத்தி. அதுவும் முன்னூறு பேர் போற ஜம்போ இல்லை, நாலே பேர் உட்கார்ற குட்டி விமானம். அந்த மாதிரி ஒண்ணை சொந்தமா வெச்சிருக்கிற ஆளுங்களுக்கு (இருக்காங்கப்பா, நாமதான் பார்த்ததில்லை) உலகம் முழுக்க ஒரே புலம்பல்தான்: 'பெட்டி வைக்க இடம் பத்தலை!' கூடுதலா ஒரு டிக்கி அடிச்சுக்கலாமா? வயித்துக்குக் கீழே ஒரு பெட்டியை மாட்டலாமா? பின் சீட்டைக் கழட்டிடலாமா?

காருக்கு மேல கேரியர் போடுற மாதிரிதானேன்னு தோணும். போட்டுப் பார்த்தாத்தான் தெரியும், இடம் வேற, எடை வேறன்னு.

செஸ்னா 172-ஐ எடுத்துக்குங்க. 1955-ல முதன்முதலா பறந்த இந்த அமெரிக்க விமானம், உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில தயாரான மாடல். 44,000-க்கும் மேல. நம்ம நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள்லயும் பைலட் ஆகப்போற பசங்க ஓட்டிப் பழகுற வண்டி இதுதான். 1970-களோட கடைசியில வந்த 172 என் மாடலோட கணக்கைப் பார்ப்போம். எல்லாம் சேர்த்து அது தூக்கக்கூடிய மொத்த எடை 1043 கிலோ. வெறும் விமானமே சுமார் 650 கிலோ. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டா சுமார் 109 கிலோ. மிச்சம் 284. இதுல ஆளுக்கு 75 கிலோன்னு நாலு பேரை ஏத்துங்க. 300 ஆச்சு! அதாவது, பெட்டியே இல்லாம 16 கிலோ இடிக்குது. நாலு சீட் இருக்குங்கிறதுக்காக நாலு பேர், ஃபுல் டேங்க், நாலு பெட்டி எல்லாம் ஒண்ணா கிடைக்காது. பெட்டி வேணும்னா பெட்ரோலைக் குறைக்கணும். பெட்ரோலைக் குறைச்சா தூரம் குறையும். இதுல ஏமாத்த வழியே கிடையாது.

இன்னும் சுவாரஸ்யமான ஒரு விஷயம். அந்த விமானத்துல பின் சீட்டுக்குப் பின்னாடி பெட்டி வைக்க ரெண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ வரை வைக்கலாம். அதுக்கும் பின்னாடி, வால் பக்கமா ஒரு சின்ன இடம். அதுல 50 பவுண்டு. அப்போ மொத்தம் 170-ஆ? அங்கேதான் வெச்சாங்க ஆப்பு. ரெண்டும் சேர்த்து 120-ஐத் தாண்டக் கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்கு. இடம் கூடுச்சு. எடை ஒரு பவுண்டு கூடலை.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? பின்பாரம்தான் காரணம்.

விமானத்தை ஒரே ஒரு விரல் நுனியில நிறுத்த முடியும்னு கற்பனை பண்ணிக்குங்க. அந்த விரல் வைக்கிற இடம்தான் ஈர்ப்பு மையம். 172 என் மாடல் முழு லோடுல பறக்கும்போது இந்த மையம் முன்னாடி ஒரு எல்லைக்கும் பின்னாடி ஒரு எல்லைக்கும் நடுவுலதான் இருந்தாகணும். அந்த ரெண்டு எல்லைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நினைக்கிறீங்க? 8.8 அங்குலம். நம்ம பாட்டிமார் கணக்குல ஒரு ஜாண்! ஒரு டன்னுக்கு மேல எடை, நாலு உயிர், எல்லாத்தோட சமநிலையும் அந்த ஒரு ஜாணுக்குள்ள.

இப்போ 50 பவுண்டு சூட்கேஸ் ஒண்ணை, கிட்டத்தட்ட 23 கிலோ, பின் சீட்டுலேருந்து எடுத்து வால் பக்கத்துல இருக்கிற அந்தச் சின்ன இடத்துல வைங்க. 50 அங்குலம் நகர்ந்திருக்கு. 50-ஐ 50-ஆல பெருக்கி, மொத்த எடையான 2300 பவுண்டால வகுத்தா, மொத்த விமானத்தோட ஈர்ப்பு மையமும் சுமார் 1.1 அங்குலம் பின்னாடி போகுது. இருக்கிறதே 8.8. அதுல எட்டுல ஒரு பங்கை ஒரே ஒரு சூட்கேஸ் தின்னுடுச்சு. யாரோட சூட்கேஸோ!

மையம் பின்னாடி எல்லையைத் தாண்டினா வால் தாழும், மூக்கு தூக்கும். மூக்கு ரொம்பத் தூக்கினா இறக்கை மேல ஓடுற காத்து பிய்ச்சுக்கிட்டு, இறக்கை தூக்கும் சக்தியை இழந்துடும். உடனே மூக்கைக் கீழே இறக்கினா தப்பிக்கலாம். ஆனா பின்பாரத்துல மூக்கை இறக்குறதுக்கு வாலுல இருக்கிற அந்தச் சின்ன மடிப்புக்குத் தெம்பு பத்தாது. பைலட் என்ன தள்ளினாலும் விமானம் கேக்காது. முன்பாரம் இந்த அளவுக்குக் கொடூரம் இல்லை. இறங்கும்போது மூக்கை நிமிர்த்த முடியாம முன் சக்கரம் மோதும். வண்டிக்காரரும் இதையேதான் சொல்வார்: முன்பாரம் மாட்டை அழுத்தும், பின்பாரம் கழுத்தை நெரிக்கும்.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லைங்கிறதுக்கு ஒரு பேர் சொல்றேன். ஆலியா. அமெரிக்கப் பாடகி. வயசு 22, உங்க சீனியர் மாதிரி. 2001 ஆகஸ்ட் 25. பஹாமாஸ் தீவுல ஒரு பாட்டுக்கு ஷூட்டிங் முடிச்சுட்டு, குழுவோட செஸ்னா 402-ங்கிற ரெட்டை இன்ஜின் விமானத்துல கிளம்பினாங்க. ஓடுபாதையை விட்டு எழும்பின சில நொடியில விழுந்து, உள்ளே இருந்த 9 பேரும் போயிட்டாங்க. அனுமதிச்ச எடையைவிட சுமார் 700 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்கும் மேல கூடுதல். ஈர்ப்பு மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்ததுன்னு விசாரணையில வெளியாச்சு. இதுல கவனிக்க வேண்டியது, 402-ல பெட்டி வைக்க இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. மூக்குல ஒரு அறை, இறக்கையில அறைகள், வால் பக்கம் வேற. இடம் இருந்துச்சு, ஏத்தினாங்க. ஷூட்டிங் சாமானை அடுத்த ட்ரிப்புல அனுப்பியிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்னு இப்பவும் மனசு கேக்குது.

இதையே ஒழுங்கா செஞ்ச ஆளும் உண்டு. 1927 மே மாசம், 25 வயசு சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்லேருந்து பாரிஸுக்குத் தனியா, நிக்காம, 33 மணி நேரத்துக்கு மேல பறந்தார். அவர் லக்கேஜ் முழுக்க பெட்ரோல்தான். கிட்டத்தட்ட 1,700 லிட்டர். பெரிய டேங்கை வால் பக்கம் வைக்கலை. இன்ஜினுக்குப் பின்னாடி, தன் முகத்துக்கு நேர் முன்னாடி, ஈர்ப்பு மையத்தை ஒட்டி வெச்சார். பெட்ரோல் கரையக் கரைய சமநிலை மாறக் கூடாதே! விளைவு, முன் கண்ணாடியே கிடையாது. நேரா பார்க்க ஒரு பெரிஸ்கோப், இல்லேன்னா ஜன்னல்ல எட்டிப் பார்க்கணும். எடையைக் குறைக்க ரேடியோவையும் பாராசூட்டையும் விட்டுட்டுப் போனார். கண்ணை விட்டுக் கொடுத்தார், சமநிலையை விட்டுக் கொடுக்கலை.

நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு இருக்கு. 1932 அக்டோபர் 15. 28 வயசு ஜே.ஆர்.டி. டாடா, பஸ் மாத்-ங்கிற ஒத்தை இன்ஜின் குட்டி விமானத்துல கராச்சியிலேருந்து அகமதாபாத் வழியா பம்பாய் வந்தார். அங்கேருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா நம்ம மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டு வந்து சேர்த்தார். அகமதாபாத்துல அந்த விமானத்துக்கான பெட்ரோல் எதுல வந்துச்சு தெரியுமா? தகர டின்கள்ல அடைச்சு, மாட்டு வண்டியில! அந்த முதல் பயணத்துல வந்த தபால் 25 கிலோ சொச்சம். இன்னிக்கு ஹாஸ்டல்லேருந்து லீவுக்குக் கிளம்புற பொண்ணு ஒருத்தியோட பேக் அதைவிட கனமா இருக்கும்.

சரி, நிஜமாவே கூடுதல் இடம் வேணும்னா வழியே இல்லையா? இருக்கு. செஸ்னா காரவான் மாதிரி விமானங்களுக்கு வயித்துக்கு அடியில படகு மாதிரி ஒரு சரக்குப் பெட்டி மாட்டுறாங்க. அது ஈர்ப்பு மையத்தை ஒட்டியே வர்றதால பின்பாரத் தொல்லை குறைவு. ஆனா காத்தை எதிர்க்கும், வேகம் கொஞ்சம் குறையும். சின்ன விமானங்கள்ல பின் அறையை வால் பக்கமா நீட்டுறதுக்கு ரெடிமேட் கிட் விக்குது. அதுல ஒரு சிக்கல்: வாலை இயக்குற கம்பிகள் அந்த வழியாத்தான் ஓடும். பெட்டி உருண்டு கம்பியில மாட்டுச்சுன்னா கதை கந்தல். அதனால தடுப்பு அடிக்கணும், தரை தாங்குமான்னு பார்க்கணும், பெட்டியை வலை போட்டுக் கட்டணும். பின்னாடி கூடுற எடையை ஈடுகட்ட, சில விமானங்கள்ல பேட்டரியை வாலுலேருந்து முன்னாடி மாத்துறதும் உண்டு. பழைய மூட்டையை அரை அடி இழுத்துப் போடுற கதைதான்!

இதை எல்லாம் தெரு முனை வெல்டிங் பட்டறையில செஞ்சுட முடியாது. அமெரிக்காவுல ஒவ்வொரு மாத்தத்துக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. நம்ம நாட்டுல டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் வேணும். வேலை முடிஞ்சதும் மூணு சக்கரத்துக்கும் கீழே தராசு வெச்சு விமானத்தை நிறுத்து, வெறும் எடையும் மையமும் புதுசா எழுதி கையேட்டுல சேர்க்கணும். ரொம்பப் பேர் எதிர்பார்க்காத ஒண்ணு இங்கே நடக்கும். புது அறையோட தரை, சுவர், ஆணி எல்லாத்துக்கும் எடை உண்டு இல்லையா? அது கூடினது போக, ஏத்தக்கூடிய சாமானோட எடை முன்னைவிட குறைஞ்சிருக்கும். காசு கொடுத்து டிக்கியைப் பெருசாக்கி, கம்மியா லக்கேஜ் ஏத்துற யோகம்!

திருவண்ணாமலைக்குப் பயணிகள் விமானம் இறங்குறதில்லை. மீனம்பாக்கத்துல இறங்கி ரோட்டைப் பிடிச்சுத்தான் வரணும். அதனால இந்தக் கணக்கு நமக்கு எதுக்குன்னு கேக்குற ஆளுங்க, காலேஜ் பிராஜெக்ட்டுக்கு ட்ரோன் பண்ற பசங்களைக் கேட்டுப் பாருங்க. கேமராவை நடுவுலேருந்து ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி மாட்டிட்டு, ஒரு பக்கத்து மோட்டார் மட்டும் ஏன் சூடாகுதுன்னு மண்டையைப் பிய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. ஏரோநாட்டிக்கல் படிக்கிறவங்களுக்கு ஒரு வேலை: 172 என் மாடலுக்கு முன் சீட் 37, பின் சீட் 73, முதல் பெட்டிப் பகுதி 95, கடைசிப் பகுதி 123, பெட்ரோல் டேங்க் 48. எல்லாம் அங்குலத்துல. உங்க ஹாஸ்டல் ரூம்ல இருக்கிற நாலு பேரோட நிஜமான எடையை (பொய் சொல்லாம) போட்டு, யாரை எங்கே உட்கார வெச்சா எவ்வளவு பெட்டி ஏத்தலாம்னு கணக்கு போடுங்க. முழு லோடுல மையம் 38.5-லேருந்து 47.3-க்குள்ள வந்தாகணும். வெறும் விமானத்தோட மையம் ஒவ்வொரு விமானத்துக்கும் கொஞ்சம் மாறும். சுமார் 39-னு வெச்சுக்குங்க. உங்க நாலு பேர்ல குண்டா இருக்கிறவனை முன்னாடி உட்கார வைக்கணுமா, பின்னாடியாங்கிறதுல ராத்திரி சண்டை நிச்சயம்.