‘லாம்’ போதாது, நடுவரே!

2025 மே 12. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். என்.பி.ஏ. பாஸ்கெட்பாலில் ப்ளே-ஆஃப் ஆட்டம். பாஸ்டன் அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் அதுவரை 42 பாயின்ட் குவித்திருந்தார். முடிய மூன்று நிமிடம்தான் பாக்கி. நழுவிய பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவர், யாரும் இடிக்காமலே சுருண்டு விழுந்தார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன்.

அவர் விழுந்ததும் என்ன நடந்தது தெரியுமா? நியூயார்க் வீரர் பந்தை அள்ளிக்கொண்டு மறுமுனைக்கு ஓடி, கூடைக்குள் திணித்தார். ஆட்டம் நின்றது அதற்கப்புறம்தான்.

ஓடியவர் மேல் எனக்குக் கோபமில்லை. விசில் கேட்கிற வரை ஆடு என்றுதான் சின்ன வயசிலிருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நடுவரைத் திட்டியும் பிரயோஜனமில்லை. என் சண்டை விதிப் புத்தகத்தோடு.

என்.பி.ஏ.வுக்குத் தனிப் புத்தகம் உண்டு. உலகத்தின் மற்ற பகுதிகளுக்கு ஃபிபா என்ற சர்வதேச சம்மேளனத்தின் புத்தகம். அதில் ஐந்தாவது விதி என்ன சொல்கிறது? ஆட்டம் ஓடும்போது ஒருவர் காயப்பட்டால், பந்து வைத்திருக்கும் அணி அதை எறியும் வரை, அல்லது இழக்கும் வரை, நடுவர் விசில் ஊதக் கூடாது. காயப்பட்டவரைக் காப்பாற்ற அவசியம் என்றால் மட்டும் உடனே நிறுத்தலாம்.

நிறுத்த‘லாம்’! ஊதாதே என்பது கட்டளை. காப்பாற்று என்பது சலுகை. என்னய்யா நியாயம் இது?

ஒரு அணி 24 செகண்ட் வரை பந்தை வைத்திருக்கலாம். மைதானமோ 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கீழே ஒருவர் கிடக்க, சுற்றி ஒன்பது பேர் ஓடுகிறார்கள். பலர் 100 கிலோ ஆசாமிகள். மேலே ஒருவர் விழுந்தால்?

சின்ன அடியா, பெரிய அடியா என்று நடுவருக்கு எப்படித் தெரியும் என்பார்கள். தெரியாது. அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன். 2023 உலகக் கோப்பையில், மணிலாவில், செர்பியாவின் போரிஷா சிமானிச் முழங்கையால் ஒரு இடி வாங்கினார். வெளியே ரத்தம் இல்லை. ஆனால் சில நாளில் அவருடைய ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று.

“உடனே நிறுத்தினா எல்லாரும் நடிப்பாங்க சார்!” நியாயமான பயம்தான். வைத்தியம் வாங்கியவர் வெளியே போக வேண்டும் என்று ஃபிபா விதியே சொல்கிறது. இன்னும் இறுக்குங்கள். உனக்காக விசில் ஊதினால் இரண்டு நிமிடம் பெஞ்சில் உட்கார் என்று போடுங்கள். நடிக்க எத்தனை பேர் வருகிறார்கள் பார்ப்போம். பந்து யார் கையில் இருந்ததோ, அவர்களுக்கே மிச்ச செகண்டோடு திருப்பிக் கொடுங்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேவையில்லாமல் ஒரு விசில் ஊதினால் நஷ்டம், அதிகபட்சம் ஒரு கூடை; இரண்டு, மூன்று பாயின்ட். ஊத வேண்டிய விசிலை ஊதாவிட்டால் நஷ்டம், ஒருவருடைய முழங்கால், முதுகெலும்பு, சில சமயம் உயிர். இதை எந்த ஆடிட்டர் டேலி பண்ணுவார்?

கிரிக்கெட் இதை எப்போதோ தீர்த்துவிட்டது. பலத்த காயமாக இருக்கலாம் என்று தோன்றினாலே அம்பயர் ‘டெட் பால்’ சொல்லியாக வேண்டும். ஃபுட்பாலிலும் பலத்த காயம் என்றால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் இதயத் துடிப்பு நின்று சரிந்தபோது, ரெஃப்ரி ஆன்டனி டெய்லர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. உடனே நிறுத்தி டாக்டர்களைக் கூப்பிட்டார். எரிக்சன் பிழைத்தார், திரும்ப வந்து ஆடவும் செய்தார்.

பாஸ்கெட்பால்காரர்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. ‘நிறுத்தலாம்’ என்பதை அழித்துவிட்டு ‘நிறுத்த வேண்டும்’ என்று எழுதுங்கள். காலை லேசாக மிதித்ததற்கும், கை பட்டதற்கும் ஊதுகிற அந்த விசில், ஒரு மனுஷன் தரையில் துடிக்கும்போது ஊத மாட்டேன் என்றால், அது கழுத்தில் எதற்குத் தொங்குகிறது?