சங்கமும் சந்தையும்: கிண்ணியாப் பட்டதாரியை முன்வைத்து ஒரு விவாதம்

பட்டதாரிகள் தத்தம் துறைசார்ந்த சங்கங்களில் அங்கத்துவம் பெறவேண்டும். அவற்றின் கூட்டங்களுக்குத் தவறாது செல்லவேண்டும். பதவியிலுள்ள பெரியோரை அறிமுகஞ் செய்துகொண்டு, அவ்வறிமுகத்தின் வழியாக உத்தியோகத்தில் முன்னேறவேண்டும். தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளில் இன்று பெரிதும் வற்புறுத்தப்படும் அறிவுரை இது. இதற்கு மறுதலையாக, இஃது அறிமுகத்தை விலைபேசும் சந்தர்ப்பவாதம் என்றுகூறி ஒதுங்கி நிற்போரும் உளர். இவ்விரு சாராருமே சங்கம் என்பதன் பொருளைப் பிழைபட விளங்கிக்கொண்டுள்ளனர். கிண்ணியா போன்றதொரு பிரதேசத்தில் நின்று நோக்குவோர்க்கு இப்பிழை தெளிவாகப் புலப்படும்.

முதலில் ஒதுங்கி நிற்போரின் வாதத்தைக் கவனிக்கலாம். தகுதி ஒன்றே தொழிலைப் பெற்றுத்தரும், அறிமுகம் இழிவானது என்பது அவர்தம் கொள்கை. ஆயின் நடைமுறை இதற்கு மாறானது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெற்றர், பொஸ்ரன் நகரையடுத்த நியூற்றன் வாசிகள் தொழில் பெற்ற வகையினை ஆராய்ந்தார். 1973இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற கட்டுரை, பலர் தம் தொழிலைப் பற்றிய செய்தியை நெருங்கிய உறவினரிடமிருந்தன்றி, எப்போதேனும் சந்திக்கும் அறிமுகமானவர்களிடமிருந்தே பெற்றனர் எனக் காட்டிற்று. இதன் காரணம் எளிது. நெருங்கியோர் அனைவரும் ஒரே செய்தியையே அறிந்திருப்பர். புதிய செய்தி வெளியிலிருந்தே வரவேண்டும்.

கிண்ணியாவுக்கு இது மிகவும் பொருந்தும். வேளாண்மையும் மீன்பிடியும் பிரதான ஜீவனோபாயமாகவுள்ள இவ்வூரில் உறவின் நெருக்கத்துக்குக் குறைவில்லை. ஒரு வீட்டுத் துக்கத்துக்கு ஊரே திரளும். ஆயின் கொழும்பில் ஒரு நிறுவனத்திலோ ஆய்வு நிலையத்திலோ ஏற்படும் வெற்றிடத்தை அவ்வுறவுகளுள் எவரும் அறியார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குச் செல்வதற்கே துறையடியிற் பாதைக்காகக் காத்துநிற்க வேண்டியிருந்தது. இன்று வாகனங்கள் தடையின்றிச் செல்கின்றன. தொழில்பற்றிய செய்தியோ இன்னமும் துறையடியிலேயே நிற்கின்றது. இந்நிலையில் ஊர்ப் பட்டதாரியை நோக்கி "அறிமுகம் தேடாதே" என உபதேசிப்பது, அறிமுகத்தைப் பிறப்புரிமையாகப் பெற்ற தலைநகர மத்தியதர வர்க்கத்தினர்க்கே சாதகமாக முடியும்.

எனினும், இதனாற் சங்கத்தை அறிமுகச் சந்தையாக்குவோரின் வாதம் சரியென்றாகிவிடாது. கிரானோவெற்றர் கண்ட தொடர்புகளிற் பெரும்பாலானவை தொழிற் சூழலில் உருவானவை. கூடிப் பணிசெய்ததன் விளைவாக எழுந்தவை. கிண்ணியாக் கமக்காரனை உதாரணமாகக் கொள்ளலாம். அவன் போகத் தொடக்கத்திற் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் செல்வது எவரையும் அறிமுகஞ் செய்துகொள்வதற்கன்று. எத்தினத்தில் நீர் திறப்பது, எத்தினத்துள் விதைத்து முடிப்பது, எவ்வாய்க்காலை எவர் துப்புரவாக்குவது என்பவற்றைத் தனியொருவன் தீர்மானிக்க இயலாது, அதனாலேயே செல்கின்றான். அவ்வாறு கூடுவோரிடையே தன் பங்கு வாய்க்காலை ஒழுங்காக வெட்டுபவன் எவன், பிறர் நீரைத் திருப்புபவன் எவன் என்பது வெளிப்படுகின்றது. நம்பிக்கை அங்கே பிறக்கின்றது. கூட்டுப்பணியே இல்லாமற் கைகுலுக்கி விலாசம் மாற்றிக்கொள்வோரிடையே நம்பிக்கை பிறக்குமென எதிர்பார்ப்பது, விதையாத வயலில் அறுவடைக்குச் செல்வதையொக்கும்.

இலங்கையின் துறைசார் சங்கங்களின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1887இல் தோன்றிய மருத்துவச் சங்கமும், 1906இல் உருவாகிப் பின்னர் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமாக வளர்ந்த அமைப்பும், 1960இல் நிறுவப்பட்ட இலங்கை நூலகச் சங்கமும் தத்தம் துறையின் அறிவையும் தராதரத்தையும் பேணுவதைத் தம் நோக்கமாகக் கூறுபவை. நூலகச் சங்கம் நூலகவியற் பயிற்சிகளையும் நடத்திவருகின்றது. கலைப்பீட மாணவன் இத்தகைய சங்கமொன்றிற் சேர்வதாற் பெறும் முதற்பயன் துறையறிவே. அறிமுகம் அதன் நிழல். நிழலைப் பிடிக்கச் சேர்பவன் இரண்டையும் இழப்பான்.

ஆயின் குற்றம் சேர்வோர் மேல் மட்டும் சாராது. இந்நாட்டின் துறைசார் சங்கங்களிற் பெரும்பாலானவற்றின் தலைமையகங்கள் கொழும்பிலேயே உள்ளன. திருகோணமலையோ அங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. மாலைநேரத்தில், ஆங்கிலத்தில், தலைநகரின் மண்டபமொன்றில் நடைபெறும் கூட்டம், கிண்ணியாவிலிருந்து தமிழ்மொழி மூலம் கற்றுப் பட்டம்பெற்ற ஒரு பெண்ணுக்குச் சட்டத்தில் திறந்தும் நடைமுறையில் அடைத்தும் கிடக்கும் கதவாகும். "நாம் எவரையும் தடுக்கவில்லை" எனச் சங்கத்தார் கூறுவது போதிய விடையன்று. வாசலைத் தூரத்தில் வைப்பதும் ஒருவகைத் தடையே.

இவ்விடைவெளியில், கிழக்கின் கலைப்பட்டதாரி நன்கறிந்த சங்கமாக எஞ்சியிருப்பது வேலையற்ற பட்டதாரிகள் சங்கமே. 2017இல் கிழக்கு மாகாணத்திற் பட்டதாரிகள் வீதியோரத்தில் நாட்கணக்கிற் சத்தியாக்கிரகமிருந்தனர். 2020இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்த்தது. அப்போராட்டங்களின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தகைய சங்கத்தின் இயல்பு ஒன்றுண்டு: நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் அங்கத்துவம் முடிந்துவிடுகின்றது. பதவிக்காகவே சேரும் சங்கம் பதவியோடு கலைகின்றது. கொழும்பு மண்டபத்தில் அறிமுகந் தேடுபவனும், வீதியில் நியமனங் கோருபவனும் வர்க்கநிலையால் வேறுபடினும், சங்கத்தை ஏறியபின் உதைத்துத் தள்ளும் ஏணியாகக் கொள்ளின் இருவரும் ஒருவரே.

பசித்த வீட்டுப் பிள்ளைக்கு இத்தகைய இலட்சியங்கள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானது, விடையும் கணக்கிலேயே உள்ளது. ஒரு வெற்றிடத்துக்குரிய அதிகாரியைப் பத்துப்பேர் அறிமுகஞ் செய்துகொள்ளினும் தொழில் ஒருவருக்கே கிடைக்கும். அறிமுகம் வெற்றிடத்தைப் பங்கிடுமேயன்றிப் படைக்காது. மாறாக, 2021 யூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை நீக்கக்கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் பல தொழிற்சங்கங்களாக ஒன்றிணைந்து நின்றனர். அதனைத் தொடர்ந்து கிடைத்த சம்பள உயர்வு, கிண்ணியா ஆசிரியருக்கும் கொழும்பு ஆசிரியருக்கும் ஒரே சீராகக் கிடைத்தது. எந்த ஆசிரியரும் அதற்கென எந்த அதிகாரியையும் தனிப்பட அறிந்திருக்க வேண்டியிருக்கவில்லை. மாணவர் இழந்த பாடநாட்கள் அதன் விலையாயின என்பதும் உண்மையே. எனவே சங்கத்தின் பலம் பொதுமக்கள்பாற் கொண்ட பொறுப்புடன் இணைந்திருத்தல் இன்றியமையாதது.

அப்பொறுப்பு யாதென்பதைக் கிண்ணியா பெருந்துயரத்தின் வாயிலாகக் கற்றுள்ளது. 2021 நவம்பர் 23ஆந் திகதி குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டப்பட்டுவந்த காலத்தில், மக்களை ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பொறியியலாளரின் ஒழுக்கக் கோவைகள் பொதுமக்களின் பாதுகாப்பை முதற்கடமையாக வைக்கின்றன. தனியொரு உத்தியோகத்தர் ஆபத்தைச் சுட்டிக்காட்டினால் இடமாற்றத்துக்கு அஞ்சவேண்டும். நூறுபேர் கையொப்பமிட்ட சங்கத்தின் அறிக்கைக்கு அவ்வச்சம் இல்லை. பிள்ளைகள் நாள்தோறும் கடக்கும் துறையைப் பற்றி, அசம்பாவிதம் நேருமுன் ஒன்றுகூடிக் குரலெழுப்பக்கூடிய ஆசிரியர், பொறியியலாளர், அபிவிருத்தி உத்தியோகத்தர் அமைப்பு ஒன்றிருப்பின், அதுவே சங்கம் எனும் பெயருக்குரியது. எத்தனை அங்கத்தவர் பதவியுயர்வு பெற்றனர் என்பது அதன் அளவுகோலன்று.

ஆகவே கிண்ணியாவின் இளைஞர் சங்கங்களிற் சேரத்தான் வேண்டும், கோரிக்கையுடன் சேரவேண்டும். மாவட்டந்தோறும் கிளை, தமிழிலும் நடைபெறும் பகற்கூட்டம், புதிய பட்டதாரிக்குக் குறைந்த சந்தா, வெற்றிடம்பற்றிய செய்தியைச் செவிவழியாகவன்றி அறிவித்தற் பலகையில் வெளியிடும் விதி ஆகிய நான்கினையும் சங்கங்களிடம் வற்புறுத்தவேண்டும். இவற்றுள் நான்காவதே முதன்மையானது. செய்தி பொதுவாகுமிடத்து அறிமுகத்தின் விலை தானே வீழ்ந்துவிடும். தொழில் பெற்றவர் சங்கத்தைவிட்டு நீங்காது, தமக்குப் பின்னால் வருவோர்க்காக அதிலே நிலைத்துநிற்றல் வேண்டும். பாதைக்குக் காத்துநின்ற ஊர், பாலத்தின் அருமையை எவரினும் நன்கறியும். ஒருவர் கடந்தபின் அடுத்தவர்க்கும் அது அங்கேயே இருத்தல் வேண்டும்.