கேன் தண்ணீர் மட்டும் போதுமா?



கைக்குழந்தைக்கு நாலு தடவை தண்ணீராகப் போனால் நம் வீடுகளில் முதலில் என்ன சொல்வோம்? "பல் முளைக்குது, அப்படித்தான் இருக்கும்." மறுநாளும் நிற்கவில்லை என்றால் பழி தண்ணீர் மீது விழும். உடனே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிடுவோம்.

நல்ல தண்ணீர் கொடுத்தால் பேதி வராது என்பதில் நம்மில் யாருக்காவது சந்தேகம் உண்டா? வேலூரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) ஆராய்ச்சிக் குழு, அங்கே உள்ள நெருக்கமான குடியிருப்புகளில் 176 குழந்தைகளைக் கண்காணித்தது. 90 குழந்தைகளுக்கு பாட்டில் குடிநீர்; மற்ற 86 பேருக்கு வழக்கமான நகராட்சித் தண்ணீர். தேடியது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை. கண்ணுக்குத் தெரியாது, குளோரினுக்கும் எளிதில் சாகாது.

2013-ல் முடிவு வெளியானது. பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்குத் தொற்று குறையவில்லை!

அப்படியானால் நல்ல தண்ணீர் வீண் செலவா? இல்லவே இல்லை. கிருமி வர அது ஒரு வழி, அவ்வளவுதான். தவழும் தரை, ஊட்டும் கை, கழுவாத கிண்ணம் என்று மற்ற வழிகள் திறந்தே கிடக்கின்றன. மலம் கழுவிவிட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் சோறு பிசைந்தால், கேன் தண்ணீர் என்ன செய்யும்?

இந்த ஆய்வை நடத்திய குழுவின் மூத்த விஞ்ஞானி டாக்டர் ககன்தீப் காங். சிம்லாவில் பிறந்தவர். எம்பிபிஎஸ், எம்டி, பிஎச்டி எல்லாமே வேலூரில்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் போய் வைரஸ் ஆராய்ச்சியில் பயிற்சி பெற்றுவிட்டு, மறுபடி வேலூருக்கே வந்தார். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். இந்தியாவில் பணிபுரியும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

விருதுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் ஆராய்ச்சி செய்த விதம். நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அதனால் ரோட்டா வைரஸ் பற்றிய இன்னொரு ஆய்வில், பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை, 373 வேலூர் குழந்தைகளை அவர் குழு வீடு தேடிப் போய்க் கவனித்தது. களப்பணியாளர்கள் மாதக்கணக்கில் அதே வாசல்களில் நின்று, "பாப்பாவுக்கு வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டு, மலமாதிரி வாங்கி வந்தார்கள். தினக்கூலிக்குப் போகும் வீடுகள் அவை. அந்தத் தாய்மார்கள் பொறுமையாகக் கதவைத் திறக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியே இல்லை.

கிடைத்த விடை கொஞ்சம் கசப்பானது. ரோட்டா, குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் வைரஸ். மெக்சிகோவில் நடந்த ஆய்வில், அது இரண்டு முறை தாக்கிய குழந்தைக்கு, அதன்பின் கடுமையான பேதி வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தாக்கிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் குழந்தைகளை இந்தக் கிருமி சீக்கிரமே பிடிக்கிறது, திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் போடக்கூடாது என்பது அப்போது தெளிவானது.

தடுப்பு மருந்தையும் நம் நாட்டிலேயே சோதித்தார்கள். டெல்லி, புனே, வேலூர் என மூன்று இடங்களில் சோதிக்கப்பட்ட இந்தியத் தயாரிப்பான ரோட்டாவாக் சொட்டு மருந்து, முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை சுமார் 56 சதவீதம் தடுத்தது. "அவ்வளவுதானா?" என்று தோன்றுகிறதா? கண் குழிந்து, உச்சிக்குழி உள்வாங்கி, குளுக்கோஸ் ஏற்றப் படுக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு வேலை போகும், அப்பாவுக்கு நாலு நாள் கூலி போகும், மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகாது. அப்படிப்பட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இந்த அவதியே இல்லாமல் தப்புவது சின்ன விஷயமா?

2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா தடுப்பு மருந்து, பிறகு தமிழகத்துக்கும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 6, 10, 14-வது வாரங்களில் மூன்று தவணை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், இன்றே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் தவணை தவறியிருந்தாலும், ஒரு வயது முடிவதற்குள் போய்க் கேட்டால் கொடுப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்