பிரிக்கத் தகும் பின்னல்

நுவரெலியாவின் குளிர் பல்லேபொலவுக்கு இல்லை. ஆயினும் மகப்பேறு நோக்கியிருக்கும் இல்லங்களில் கம்பளித் தொப்பியும் காலுறையும் முன்னரே ஆயத்தமாகும். குழவியோ ஊசியினும் விரைந்து வளரும்! பாதியில் நின்ற சட்டை பின்னர் யாருக்கு?

தொடங்கியதை முடித்தே தீர்க என்று மாணவியரை வற்புறுத்தும் ஆசிரியர் உளர். நான் அவர் கட்சியன் அல்லேன். நெசவுத் துணியை வெட்டியபின் மீட்சி இல்லை. பின்னலோ தொடர்ந்து செல்லும் ஓரிழை. ஈற்று முனையை இழுத்தால் வரிவரியாய் அவிழும். (பஞ்சுபோற் சிலிர்த்த மொகேர் இழை மட்டும் எளிதில் இணங்காது.) அவ்விழையை நாற்காலி முதுகிற் சுற்றிக் கழியாகக் கட்டி, அலசி, நிழலில் தொங்கவிட்டால் நெளிவு பெரிதும் நீங்கும். 1941இல் ஆடைப் பங்கீடு வந்தபின் இங்கிலாந்து மாதர் பழங்கம்பளிகளை இவ்வாறே பிரித்துப் பின்னினர்.

ஆனால் கண்ணிக் கணக்குப் பிழைத்ததை நான்கு விரற்கிடைக்குள் கண்டுகொள்ளல் வேண்டும்; கழுத்துவரை சென்றபின் பிரிக்க மனம் இடந்தராது. முதலில் சிறு சதுரம் பின்னி அளந்து பார்ப்பது இதன்பொருட்டே.

கம்பளி விலை ஏழைப் பெற்றோர்க்குச் சிறிதன்று. ஆதலால், தக்க வேளையிற் பிரித்துச் சுற்றிய நூலுருண்டைக்கும் கைப்பணிப் பாடத்திற் புள்ளி வழங்குக என ஆசிரியைமாரை வேண்டுகிறேன்.