நோனி, கோஜி, அசாய்... பழம் நல்லதுதான், பாட்டில்தான் பிரச்னை!

சாகுபுரம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நிற்கும் பத்து நிமிடம் போதும். போனைத் திறந்தால் முதல் ரீல்ஸ் கோஜி பெர்ரி, அடுத்தது அசாய் பவுடர், மூன்றாவது நோனி ஜூஸ். ‘சுகர் குறையும்’, ‘தொப்பை கரையும்’, ‘இம்யூனிட்டி கூடும்’ என்று ஆளுக்கொரு வாக்குறுதி. தலையை நிமிர்த்தினால் ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் பனை. சீசன் என்றால் திருச்செந்தூர் ரோட்டோரம் நாவல்பழமும் கொடுக்காப்புளியும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அவற்றுக்கு விளம்பரமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை.

இந்த பெர்ரிகள் சொல்லும் அளவுக்கு நல்லவைதானா? சுருக்கமான பதில்: பழமாகச் சாப்பிட்டால் நல்லவை. மருந்தாக நினைத்தால் ஏமாற்றம். நீளமான பதில் கீழே.

‘சூப்பர்ஃபுட்’ என்று சொன்னது யார்?

டாக்டர்கள் இல்லை, வியாபாரிகள். இந்த வார்த்தை முதல் உலகப்போர் காலத்து விளம்பரங்களிலேயே வந்துவிட்டது. அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி இந்தப் பட்டத்தோடு விற்றது எதைத் தெரியுமா? வாழைப்பழத்தை! நம்ம ஊர் பெட்டிக்கடையில் தாரோடு தொங்குகிறதே, அதேதான். ஒரு காலத்து சூப்பர்ஃபுட் இன்று டீக்கடைப் பழம். பழம் மாறவில்லை, ஃபேஷன்தான் மாறியது.

ஊட்டச்சத்து அறிவியலில் ‘சூப்பர்ஃபுட்’ என்று ஒரு வகையே கிடையாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ல் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட குறிப்பிட்ட ஆரோக்கியப் பலன் ஒன்றைக் காட்டாமல் இந்த வார்த்தையைப் போட்டு விற்க முடியாது.

வேலியோரத்து மஞ்சணத்தியும் நோனியும்

நம்ம பக்கத்தில் அதிகம் விலைபோன ‘அதிசயப் பழம்’ நோனிதான். தெரிந்தவர் மூலம் தெரிந்தவருக்கு, மீட்டிங் போட்டு, ஆள் சேர்த்து விற்ற ஜூஸ். இந்த நோனிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். வேலியோரத்திலும் தரிசிலும் தானாக முளைத்து நிற்கும் நுணா, அதாவது மஞ்சணத்தி. இரண்டுமே ஒரே தாவரப் பேரினம். மஞ்சணத்திப் பழம் கீழே விழுந்து கிடந்தால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அதன் சொந்தக்காரர் மட்டும் பாட்டிலுக்குள் போனதும் ஆயிரக்கணக்கில் விலை!

நோனி ஜூஸை விற்க ஐரோப்பாவில் அனுமதி கேட்டபோது, அங்கே உள்ள உணவு அறிவியல் குழு 2002-ல் தரவுகளைப் பார்த்தது. மற்ற பழச்சாறுகளைத் தாண்டிய தனிப்பட்ட பலன் எதற்கும் ஆதாரம் இல்லை என்றது. ஜூஸாக விற்கலாம், அவ்வளவுதான். அதற்கும் முன்பே, 1998-ல், அமெரிக்காவின் நான்கு மாநில அட்டர்னி ஜெனரல்கள் நோனி ஜூஸ் நிறுவனம் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்தார்கள். ஆதாரம் இல்லாமல் நோய் தீரும் என்று சொல்ல மாட்டோம் என அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

அசாய் கதை இன்னும் சுவாரஸ்யம். உடல் எடை குறையும் என்று சொல்லி, நிஜச் செய்தித்தளம் மாதிரியே போலிப் பக்கங்களை வடிவமைத்து விற்றார்கள். 2011-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அப்படிப்பட்ட 10 கும்பல்களை நிறுத்தச் சொல்லி கோர்ட்டுக்குப் போனது. இன்று உங்கள் போனில் ‘நிருபர் நேரடி ரிப்போர்ட்’ மாதிரி ஒரு வீடியோ வந்தால், அந்தப் பழைய வித்தை ஞாபகம் இருக்கட்டும்.

‘ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்’ என்றால்?

பெர்ரி விளம்பரங்களின் முதுகெலும்பே இந்தச் சொல்தான். ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாயில் பழச்சாற்றை விட்டு, அது எவ்வளவு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று அளந்து ஒரு எண் கொடுப்பார்கள். அதற்கு ‘ஓராக்’ மதிப்பு என்று பெயர். அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் இதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தது. 2012-ல் அதை நீக்கிவிட்டது. சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, கம்பெனிகள் அந்தப் பட்டியலைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதுதான் காரணம்.

‘கூடுதல் இருந்தா கெட்டதா என்ன?’ என்று கேட்கலாம். சில சமயம் கெட்டதுதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அதே பீட்டா கரோட்டின் கேரட்டில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது. உணவில் இருக்கும்போது நல்லதாக இருந்தது, பிரித்தெடுத்து டப்பாவில் அடைத்ததும் வேறு முகம் காட்டியது.

அப்போ பெர்ரி எல்லாம் பொய்யா?

இல்லை. இங்கேதான் நேர்மையாக இருக்க வேண்டும். கிரான்பெர்ரியை எடுத்துக்கொள்வோம். காக்ரேன் அமைப்பு 2023-ல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்கள் கிரான்பெர்ரி எடுத்துக்கொண்டால், மறுபடி வரும் அபாயம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றுக்கு இது மருந்தும் இல்லை. உண்மையான ஆரோக்கியப் பலன் என்பது இப்படித்தான் இருக்கும்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று அளவாகப் பேசும். ‘எல்லாருக்கும், எல்லாத்துக்கும்’ என்று பேசாது.

ப்ளூபெர்ரிக்கும் ஆதரவு உண்டு. 2013-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் சுமார் 1.87 லட்சம் பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. ப்ளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை முழுசாகச் சாப்பிட்டவர்களுக்கு டைப்-2 சர்க்கரை நோய் வருவது குறைவாக இருந்தது. ஜூஸாகக் குடித்தவர்களுக்கோ சற்று அதிகம்! இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுதான். பழம் சாப்பிடுபவர்கள் நடைப்பயிற்சியும் போகிறவர்களாக இருக்கலாம் என்பதால், பழம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கவனியுங்கள், ப்ளூபெர்ரியின் பக்கத்திலேயே சாதாரண திராட்சையும் ஆப்பிளும் நிற்கின்றன. முழுப்பழமா, சாறா என்பதையும் பழத்தின் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்ம பழத்துக்கும் அதே தராசு

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு திருப்பம் வரும். ‘வெளிநாட்டுப் பழம் எதுக்கு, நம்ம நெல்லிக்காயும் நாவல்பழமும்தான் நிஜ சூப்பர்ஃபுட்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதுவும் அதே விளம்பரம்தான், வேட்டி கட்டியிருக்கிறது, அவ்வளவே.

நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று பழைய இந்திய அட்டவணைகளில் இருந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது 250 சொச்சம்தான். வாட்ஸ்அப் இன்னும் 600-லேயே நிற்கிறது. இந்த 250-ம் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரு ஆணுக்கு ஒரு நாள் தேவையே 80 மில்லிகிராம்தான். ப்ளூபெர்ரியில் 100 கிராமுக்கு 10 கூட வராது. நம்ம கொய்யாவில் 200-க்கு மேல். ஆக, நெல்லியும் கொய்யாவும் உண்மையை மட்டும் சொன்னாலே ஜெயிக்கும்.

நாவல்? ‘சுகருக்கு நாவல்’ என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் இங்கே குறைவு. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. அது இலை, பழமோ கொட்டையோ இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மரத்தின் பெயரைச் சொன்னாலே சர்க்கரை இறங்கிவிடாது என்பதும் உண்மை. நாவலைப் பழமாக, உப்புத் தூவி, நாக்கு ஊதா நிறமாகும் வரை சாப்பிடுங்கள். மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள்.

‘காசு என்னோடது, உங்களுக்கென்ன?’

காசு மட்டும் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம். பிடித்திருந்தால் ப்ளூபெர்ரி வாங்கிச் சாப்பிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர். உங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு சித்தப்பாவாவது ‘மாத்திரையைக் குறைச்சிட்டேன், ஜூஸ்தான் குடிக்கேன், நல்லா இருக்கு’ என்று சொல்லியிருப்பார். நல்லா இருப்பது போலத்தான் இருக்கும். கண்ணும் கிட்னியும் சத்தமில்லாமல் கெடும்.

கிட்னி பாதித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் நேரடி. நோனி ஜூஸில் பொட்டாசியம் ஆரஞ்சு ஜூஸ் அளவுக்கு இருக்கிறது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தி வந்த ஒரு சிறுநீரக நோயாளிக்கு, நோனி குடித்ததால் அது ரத்தத்தில் ஏறியதை 2000-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கோஜி பெர்ரி எடுத்து, மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போன சம்பவங்களும் பதிவாகியுள்ளன. மருந்து மாதிரி வேலை செய்யும் என்று நம்பி வாங்குகிறோம். மருந்தோடு மோதும் என்பதை மட்டும் லேபிளில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

வாங்கும் முன் நாலு கேள்வி

ஒன்று: இது முழுப்பழமா, இல்லை ஜூஸ், பவுடர், கேப்சூலா? 

இரண்டு: மனிதர்களிடம் சோதித்தார்களா, எலியிடமும் சோதனைக் குழாயிலும் மட்டுமா? 

மூன்று: எதோடு ஒப்பிட்டார்கள்? கொய்யாவோடு ஒப்பிட்டால் ஜெயிக்குமா? 

நாலு: சொல்கிறவருக்கு இதில் கமிஷன் உண்டா?

சட்டமும் உங்கள் பக்கம்தான். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருடத்துச் சட்டமே தடுக்கிறது. உணவு விளம்பரங்களுக்கென்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விதிமுறைகள் இருக்கின்றன. ‘100% பழச்சாறு’ என்று லேபிளில் போடுவதையே நீக்கச் சொல்லி 2024 ஜூனில் அது உத்தரவிட்டது. சட்டம் இருக்கிறது, ஆனால் ரீல்ஸ் அதைவிட வேகமாக ஓடுகிறது. அதனால் முதல் சோதனைச் சாவடி நாம்தான்.

முத்துக்குளித்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இது அதிர்ஷ்டம் என்று தெரிந்தே இருவரும் நின்றார்கள். சூப்பர்ஃபுட் பாட்டில் விற்பவர் மட்டும், திறக்கும் முன்பே ‘முத்து நிச்சயம்’ என்று லேபிள் ஒட்டிவிடுகிறார்.

காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மில் எத்தனை பேர் அதை எட்டுகிறோம்? பஸ் வரும்வரை இருக்கிற நேரத்தில், எதிரே கூறு கட்டியிருக்கும் பழத்தில் ஒரு கூறு வாங்குங்கள். சித்தப்பாவுக்கும் ஒரு போன் போட்டு, ‘மாத்திரை போட்டீங்களா?’ என்று கேளுங்கள்.