ரோஜாமலர்ப் படுக்கை

“வாழ்க்கை ரோஜாமலர்ப் படுக்கையன்று” என்பது ஆங்கிலரிடையே பெருவழக்கான மரபுத்தொடர். இன்பமே நிலையென எண்ணியிருப்பாரை நோக்கி, இடர்களும் உளவென நினைவூட்டுதல் அதன் கருத்து. மலர்ப்படுக்கை என்னும் உருவகம் ஆண்டுப் பழையது. 1593-இல் மறைந்த மார்லோ என்னும் புலவரின் பாட்டொன்றில், இடையன் தன் காதலிக்கு ரோஜாப் படுக்கைகள் அமைத்துத் தருவதாகக் கூறுகின்றான். மஞ்சம் உடையாரிடத்தே பிறந்த தொடராதலின், அவரை எச்சரிக்கவே அது தக்கது.

அத்தொடர் இப்போது சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பெற்று நம் மேடைகளிலும், ஏன், நம் மாணவர் கட்டுரைகளிலும் உலாவுகின்றது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலால் வியாசர்பாடித் தெருக்களில் நீர் நாட்கணக்காகத் தேங்கிற்று. பாயும் தலையணையும் ஊறிப்போய் நின்ற மக்களிடம், உதவ வந்த அன்பர் ஒருவர் இத்தொடரையே ஆறுதலாகக் கூறக் கேட்டோம். அவர் உள்ளம் நல்லது, சொல்தான் பொருந்தவில்லை. எதிரே நின்ற மூதாட்டியார், விடியுமுன் கோயம்பேட்டில் உதிரிப்பூ வாங்கி, நாரில் தொடுத்து, முழக்கணக்கில் விற்று வாழ்பவர். “பூ மேல யாருப்பா படுப்பா? வாடினா மொதலே போச்சே” என்றார்.

நிற்க. இக்கருத்துக்குத் தமிழில் வழி இல்லையா? புறநானூற்றின் 194-ஆம் பாட்டைக் காண்க. ஒரு மனையில் சாப்பறை. மற்றொரு மனையில் மணமுழவு. கூடியிருப்போர் பூச்சூட, பிரிந்தோர் கண்ணீர் உகுக்கின்றனர். உலகை இவ்வாறு படைத்தவனைப் பண்பிலான் என்றே கடிகின்றார் பக்குடுக்கை நன்கணியார். கிறிஸ்தவராகிய எமக்கு ஈண்டு அவரோடு உடன்படல் அரிது. ஆயினும் யோபுவின் புலம்பலைப் படித்தார்க்கு அச்சினம் புதிதன்று. உலகம் இன்னாதது என முதலில் ஒப்புக்கொண்ட பின்னரே, அதன் இயல்பறிந்தோர் இனியவற்றைத் தேடிக் காண்க என்கின்றார் புலவர். துயருற்றாரை நோக்கி, ‘நீ வீண்கனவு கண்டாய்’ என இடித்துரைக்கும் தொனி அதில் இல்லை. ஒரே தெருவில் ஒரே நாளில் சாவு மேளமும் கலியாண மேளமும் கேட்கும் வியாசர்பாடியார்க்கு அப்பாட்டு அயலதன்று.

புறநானூறு எல்லார்க்கும் எளிதன்று எனின், வழக்குச்சொல் உண்டு. மொழிபெயர்ப்புத் தாளில் இத்தொடர் வருமாயின், ரோஜாவை ஒழித்து, “வாழ்வில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு” என எழுதுக என்போம். பள்ளம் யாதென்பதற்கு, மழைநாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையைக் கடந்தாரிடம் உரை கேட்கலாம்.