‘நல்ல கேன்சர்’னு சொல்லி அனுப்பிட்டா போதுமா? கதிரியக்க அயோடினுக்குப் பிறகு தெரிய வேண்டியவை

"தைராய்டு கேன்சரா? கவலைப்படாதீங்க, இருக்கிறதுலயே நல்ல கேன்சர் இதுதான்." இந்த ஆறுதலைக் கேட்காத நோயாளி இருக்க மாட்டார். பெரும்பாலானோர் குணமாகிவிடுவதால் அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால், அந்த ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது என்பதுதான் பிரச்னை.

தைராய்டு சுரப்பியை ஆபரேஷனில் எடுத்த பிறகு, பலருக்குக் கதிரியக்க அயோடின் (அயோடின்-131) கொடுக்கப்படுகிறது. உடம்பில் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினை இழுத்துக்கொள்ளும். அப்படி உள்ளே போன கதிரியக்கம் அந்த செல்களை அழிக்கும். டோஸ் அதிகம் என்றால் தனி அறையில் சில நாள்கள் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது, "குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்துல இத்தனை நாள் போகாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அவசியமான அறிவுரைதான். ஆனால் அது மற்றவர்களைப் பாதுகாக்க. நோயாளிக்கு என்னென்ன வரலாம் என்று யார் சொல்வது?

வாய் ஏன் வறண்டு போகுது?

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயோடினை இழுக்கும். அதனால் தாடை ஓரத்தில் வீக்கம், சாப்பிடும்போது வலி, நாக்கில் ருசி மாறுவது, வாய் வறட்சி எல்லாம் வரலாம். சிலருக்கு முதல் வாரத்திலேயே, சிலருக்கு மாதங்கள் கழித்து. மாதங்கள் கழித்து வந்தால், பழைய சிகிச்சையோடு அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. எச்சில் குறைந்தால் பல் சொத்தையும் சீக்கிரம் வரும். பல் டாக்டரிடம் போனால், "கதிரியக்க அயோடின் எடுத்திருக்கேன்" என்று சொல்லுங்கள். கண் வறட்சியும், கண்ணீர்க் குழாய் அடைப்பால் கண்ணில் நீர் வடிவதும்கூட சிலருக்கு உண்டு.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். ஆண்களும் சில மாதம் காத்திருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்பே நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் மருந்துக்கு முன்னாடியே பேசியாக வேண்டும்.

ஸ்கேன்ல கறுப்பா தெரியுதே?

மருந்து கொடுத்த சுமார் ஒரு வாரத்துக்குள் முழு உடல் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் வாய், வயிறு, குடல், சிறுநீர்ப்பை ஆகிய இடங்கள் கறுப்பாகத் தெரிவது வழக்கம். அயோடின் தங்கிப் போகும் வழி அது. கேன்சர் பரவியதாக அர்த்தமில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க கூகுளில் தேடுபவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லியிருந்தால் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஸ்கேன் கிளியர்னா முடிஞ்சுதா?

இல்லை. 6 முதல் 12 மாதத்துக்குள் கழுத்து அல்ட்ராசவுண்டும், தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கூடவே தைரோகுளோபுலின் ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் முதல் அளவை நம்ப முடியாது. முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். சில கேன்சர் செல்கள் அயோடினை இழுக்கும் திறனையே இழந்துவிடும். அப்போது அயோடின் ஸ்கேன் சுத்தமாக இருக்கும், தைரோகுளோபுலின் மட்டும் ஏறும். அந்த நிலையில் பெட்-சிடி தேவைப்படலாம்.

மறுபக்கமும் உண்டு. ஆபத்து குறைவான பலருக்கு வருஷா வருஷம் முழு உடல் ஸ்கேன் தேவையே இல்லை. ஸ்கேன் என்றால் சும்மாவும் இல்லை: ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், பால், முட்டை தவிர்க்க வேண்டும், தைராக்ஸின் மாத்திரையை 3, 4 வாரம் நிறுத்தச் சொன்னால் சோர்வும் மறதியும் ஆளை முடக்கிவிடும். அதைத் தவிர்க்க ஊசி இருக்கிறது, விலைதான் எட்டாது. அதனால், "இந்த ஸ்கேன் எனக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, உங்கள் உரிமை.

ஒரே ஒரு தாள் போதும்

மருத்துவமனைகளிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எவ்வளவு டோஸ் கொடுத்தோம், எந்தெந்தத் தொல்லை எப்போது வரலாம், வந்தால் யாரைப் பார்ப்பது, அடுத்த ரத்தப் பரிசோதனை எந்த மாதம், எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும். இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுக்கலாம்.

கடைசி வரி ரொம்ப முக்கியம். அயோடின்-131இன் கதிரியக்கம் 8 நாளில் பாதியாகிவிடும். சிறுநீரில் வெளியேறுவதால் உடம்பில் இன்னும் வேகமாகவே குறையும். ஆனால், அந்த ஒரு வரி இல்லாததால் மாதக்கணக்கில் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கிவைக்கும் வீடுகள் உண்டு. டாக்டர் சொன்ன நாள் முடிந்துவிட்டதா? பேரனைத் தாராளமாக மடியில் உட்கார வைக்கலாம்.